மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி: எந்த வலிக்குச் சரி, எந்த வலிக்கு வேண்டாம்

மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருப்பவரிடம் ஒரு கட்டத்தில் மருத்துவர், "மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பார். சிலருக்கு ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே பயம். சிலருக்கோ, ஒரே ஊசியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இந்தப் பயமும் நம்பிக்கையும் முடிவெடுக்க உதவுவதில்லை. வலி எந்த இடத்தில் இருக்கிறது, என்ன காரணத்தால் வந்தது, ஊசி தரும் சில வார நிம்மதியில் வேறென்ன செய்யப் போகிறோம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் போடலாமா வேண்டாமா என்பது தெளிவாகும். அதே மருந்து தோள்பட்டையில் நல்ல முடிவாகவும் முழங்கையில் தவறான முடிவாகவும் ஆகிவிடலாம்.

முதலில் பயத்தைப் பற்றி. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுகள் வீங்கி அரிக்கப்படும் முடக்குவாதத்தால் கடுமையாக அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். எழுந்து நடக்கச் சிரமப்பட்டவர் சில நாட்களிலேயே நடமாடத் தொடங்கினார். 1950-ல் ஹென்ச், எட்வர்ட் கெண்டால், டாடியூஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதிக அளவில் தொடர்ந்து கொடுத்தபோது முகம் உப்பியது, எலும்பு பலவீனமானது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு என்றால் இன்றும் பலர் அஞ்சுவது இந்தப் பக்க விளைவுகளுக்காகத்தான். அதற்கு மாற்றாக 1950-களின் தொடக்கத்திலேயே வந்த யோசனைதான் மூட்டு ஊசி. உடம்பு முழுக்க மருந்தை ஓடவிடாமல், வீங்கியிருக்கும் மூட்டுக்குள் மட்டும் சிறிய அளவில் செலுத்துவது. வழக்கமாக முழங்காலுக்கு 40 மில்லிகிராம் அளவில் போடுவார்கள். விரல் மூட்டுக்கு 10 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும் என்பது உண்மை. ஆனாலும் மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவதும் இதுவும் ஒன்றல்ல. உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊசி போடும்போதும் அதற்கடுத்த வாரமும்

அதிகம் பயன்படுவது ட்ரையம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் ஆகிய இரண்டு மருந்துகள். குப்பியில் பார்த்தால் தண்ணீர் போல இருக்காது, பால் போல வெளுத்திருக்கும். எளிதில் கரையாத நுண்துகள்கள் அடியில் படிந்திருப்பதால் குலுக்கிவிட்டுத்தான் உறிஞ்சுவார்கள். மெதுவாகக் கரைவதால்தான் மருந்து மூட்டில் பல வாரம் வேலை செய்கிறது. தோலைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு, பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தையும் இதோடு கலந்து செலுத்துவார்கள். மூட்டில் நீர் கோத்திருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீரின் நிறம் ஒரு முக்கியமான தடயம். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். கலங்கலாக வந்தால் அழற்சி நோயா, கிருமித் தொற்றா என்று சோதிக்க வேண்டும். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஸ்டீராய்டை உள்ளே விடக் கூடாது. முழங்காலில் பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்தபடி போடுவதே முறை.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதிகம் குழம்புவது அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான். மரத்துப்போகும் மருந்தால் சில நிமிடங்களிலேயே வலி காணாமல் போகும். சில மணி நேரத்தில் அது இறங்கியதும் பழைய வலி திரும்பும். ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. சிலருக்கு முதல் ஓரிரு நாள் வலி முன்பைவிட அதிகமாகக்கூட ஆகும். "ஊசி பலிக்கவில்லை, நிலைமை மோசமாகிவிட்டது" என்று மனம் உடைந்துபோவது இந்த இடைவெளியில்தான். உண்மையான பலன் இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தெரிய ஆரம்பிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டாலே பாதிக் கவலை தீரும். சொல்லாமல் விட்டால் நீங்களே கேளுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்? எந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்று சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு வெளிப்படையாகவே பதில் சொல்கிறது: 2 முதல் 10 வாரம். சிலருக்கு மூன்று மாதம் வரை போகும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆறு மாதத்தில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருப்பதில்லை. இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற வழிகளோடு ஒப்பிட வேண்டும்.

முழங்கால் தேய்மானம்: ஊசியா, பயிற்சியா?

அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் ஒரு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசியும் மறு பாதிப் பேருக்கு பிசியோதெரபியும் கொடுத்தார்கள். வலி, விறைப்பு, அன்றாட வேலையில் சிரமம் மூன்றையும் சேர்த்து 240-க்கு மதிப்பெண் போட்டார்கள். எண் கூடினால் அவதி அதிகம் என்று அர்த்தம். தொடக்கத்தில் இரண்டு தரப்பும் 107 அளவில் இருந்தன. ஓராண்டு கழித்து ஊசித் தரப்பு 56-க்கும் பிசியோதெரபித் தரப்பு 37-க்கும் இறங்கியிருந்தன. இரு தரப்புக்குமே பலன் கிடைத்தது. ஆனால் ஓராண்டுக் கணக்கில் பயிற்சிதான் முந்தியது.

இன்னொரு ஆய்வு, 2017-ல் ஜாமா இதழில் வந்தது, இதைவிட யோசிக்க வைப்பது. 140 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ட்ரையம்சினோலோன், மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர் என்று இரண்டு ஆண்டு தொடர்ந்து போட்டார்கள். முடிவில் வலி குறைந்ததில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு, ஸ்டீராய்டு தரப்பில் 0.21 மில்லிமீட்டரும் உப்பு நீர் தரப்பில் 0.10 மில்லிமீட்டரும் தேய்ந்திருந்தது. சிறிய அளவுதான், அதனால் உடனே யாருக்கும் வலி கூடிவிடவில்லை. இருந்தாலும், "வலிக்கிறதோ இல்லையோ, மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டுவிடலாம்" என்ற பழக்கத்துக்கு இதற்குப் பிறகு எந்த நியாயமும் இல்லை என்பதே என் கருத்து.

அப்படியானால் முழங்காலுக்கு ஊசியே வேண்டாமா? அப்படியும் இல்லை. முழங்கால் வீங்கி நீர் கோத்திருக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சரியாகச் சுருங்காது. மூட்டிலிருந்து போகும் நரம்புச் சமிக்ஞைகளே அந்தத் தசையை அடக்கி வைக்கும். அந்த நிலையில் ஒருவரைப் பயிற்சி செய் என்று வற்புறுத்தினால் வலியும் எரிச்சலும்தான் மிஞ்சும். நாலு நாளில் விட்டுவிடுவார். அப்படிப்பட்டவருக்கு நீரை எடுத்துவிட்டு ஊசி போட்டால் வீக்கம் வடியும், தசை மறுபடி வேலை செய்யத் தொடங்கும், பயிற்சிக்கு வழி பிறக்கும். நைஸ் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது: மற்ற சிகிச்சைகள் பலிக்காதபோது, அல்லது பயிற்சிக்குத் துணையாக, ஊசியைப் பரிசீலிக்கலாம்.

ஊசி போட்ட முதல் ஓரிரு நாள் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். வலி இறங்கியதும் அந்த வாரத்திலேயே பயிற்சியைத் தொடங்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி சில வினாடி பிடிப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஒரு படி ஏறி இறங்குவது என்று எளிதாகவே ஆரம்பிக்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் தப்பான பழக்கம் ஒட்டாது. வலி போய்விட்டதே என்று ஊசி தாங்கும் அந்தச் சில வாரத்தைச் சும்மா கழித்தால், மருந்து தீரும்போது தசை அதே பலவீனத்தில்தான் இருக்கும்.

உடல் எடை அதிகமாக இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. எடை குறைக்க உதவும் செமாக்ளூட்டைடு மருந்தை முழங்கால் தேய்மானத்தோடு உடல் பருமனும் உள்ள 407 பேரிடம் சோதித்த ஆய்வு 2024-ல் வந்தது. 68 வாரத்தில் அந்த மருந்து எடுத்தவர்களுக்கு எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது. முழங்கால் வலியும் மற்றவர்களைவிடத் தெளிவாகவே குறைந்தது. மூட்டுக்குள் எதையும் செலுத்தாமலே கிடைத்த பலன் இது.

மாத்திரை, களிம்பு, மற்ற ஊசிகள்

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தால் வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம், இதய ஆபத்து எல்லாம் கூடும். வயது ஏற ஏற இந்த ஆபத்து இன்னும் பெரிதாகும். சிறுநீரகம் பலவீனமான ஒருவருக்குத் தினமும் மாத்திரையா, எப்போதாவது ஓர் ஊசியா என்று கேட்டால், ஊசியைத்தான் பாதுகாப்பானது என்று சொல்வேன். டைக்ளோஃபெனாக் களிம்பு பலர் அலட்சியப்படுத்தும் வழி. முழங்கால், விரல்கள் போல தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டுகளுக்கு அது நல்ல பலன் தரும், ரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. ஊசிக்கு முன் சில வாரம் அதை ஒழுங்காகத் தடவிப் பார்க்கலாம். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அதற்கு அவ்வளவாக உதவாது. பாராசிட்டமால் மூட்டுத் தேய்மான வலியில் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

ஜெல் ஊசி என்று சொல்லப்படும் ஹயலூரோனிக் அமிலம், ஸ்டீராய்டைவிட நீண்ட நாள் தாங்கும் என்று சொல்லிப் பரிந்துரைக்கப்படுகிறது. 2022-ல் பி.எம்.ஜே. இதழ் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வில், அதன் பலன் உப்பு நீர் ஊசியைவிட நோயாளி உணரும் அளவுக்கு அதிகமில்லை என்று தெரிந்தது. நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் பிரியும் தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் திரும்பச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசிக்கு இப்போது மவுசு அதிகம். 288 பேரிடம் நடந்து 2021-ல் வந்த ஆய்வு, ஓராண்டு முடிவில் முழங்கால் வலியிலும் குருத்தெலும்பிலும் அது உப்பு நீரை வெல்லவில்லை என்று காட்டியது. மூட்டு நோய் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2019 வழிகாட்டுதலில் முழங்காலுக்கு ஸ்டீராய்டு ஊசியை வலுவாகப் பரிந்துரைத்தது, பி.ஆர்.பி.யை அதே அளவு வலுவாக மறுத்தது. ஜெல் ஊசி, பி.ஆர்.பி. இரண்டுமே ஸ்டீராய்டைவிடச் செலவு கூடியவை. வலியில் இருப்பவர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யத் தயாராக இருப்பார். அதனாலேயே இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தயங்காமல் போட்டுக்கொள்ளலாம் என்ற இடங்கள்

உறைந்த தோள் என்ற நோயில் தோள்பட்டை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கையைத் தூக்கவோ முதுகுப் பக்கம் கொண்டுபோகவோ முடியாமல் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். ஆரம்ப மாதங்களில், இரவில் தூங்கவிடாமல் வலிக்கும் கட்டத்தில், ஊசி நல்ல நிவாரணம் தரும். வலி ஓங்கியிருக்கும்போதே போட்டு, உடனே பயிற்சியையும் சேர்ப்பது நல்லது. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு போட்டால் அந்த அளவு பலன் இருக்காது. 503 பேரிடம் நடந்து 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபியை மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் இரண்டு விதமான சிகிச்சைகளோடு ஒப்பிட்டது. எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேலானதாகத் தெரியவில்லை. அப்படி இருக்கும்போது ஊசியிலும் பயிற்சியிலும் தொடங்குவதுதானே முறை?

முடக்குவாதத்தில் கதையே வேறு. அங்கே மெத்தோட்ரெக்ஸேட் போன்ற அடிப்படை மருந்துகள் முழுப் பலன் தர 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை ஒன்றிரண்டு மூட்டு மட்டும் வீங்கித் தொல்லை கொடுத்தால் அவற்றில் ஊசி போட்டு அந்தக் காலத்தைத் தாண்டலாம். ஆனால் ஊசி சுகம் தருகிறதே என்று அடிப்படை மருந்தை நிறுத்துவது மிகப் பெரிய ஆபத்து. வலி தெரியாமலே மூட்டு அரிக்கப்பட்டுவிடும்.

யூரிக் அமிலப் படிகங்களால் திடீரென்று மூட்டு சிவந்து வீங்கும் கௌட் நோயில், வலி மாத்திரையோ கௌட் மருந்தான கோல்சிசினோ எடுக்க முடியாதவர்களுக்கு, ஒரே ஒரு மூட்டில் மட்டும் தாக்கம் இருந்தால் ஊசி நல்ல மாற்று. தொற்று இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் போட வேண்டும். விரல் மடங்கியபடியே சிக்கி, டக்கென்ற சத்தத்தோடு நிமிரும் தொல்லைக்கும் ஒன்றிரண்டு ஊசியிலேயே பலர் அறுவை சிகிச்சையைத் தவிர்த்துவிடுகிறார்கள்.

வேண்டாம் என்றே சொல்வேன்

டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வெளிப்பக்க வலி மூட்டில் வருவதல்ல, தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் வருவது. இதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் மாதம் அற்புதமாக இருக்கும். பிறகுதான் சிக்கல். 165 பேரிடம் நடந்து 2013-ல் வந்த ஆய்வில், முதலில் குணமானவர்களில் ஸ்டீராய்டு போட்ட 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. மருந்தில்லாத போலி ஊசி போட்டவர்களில் இது 12 சதவீதம்தான். ஓராண்டு முடிவிலும் ஸ்டீராய்டு தரப்பு பின்தங்கியே இருந்தது. விட்டுவிட்டாலே பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும் நோயில், ஊசி குணமாவதைத் தள்ளிப்போடுகிறது.

இடுப்பின் வெளிப்பக்கம், ஒருக்களித்துப் படுக்க முடியாதபடி வரும் வலியும் பெரும்பாலும் தசைநார் வலிதான். 204 பேரிடம் நடந்த 2018 ஆய்வில், எட்டு வாரத்திலேயே பயிற்சி செய்தவர்களில் 77 சதவீதம் பேரும் ஊசி போட்டவர்களில் 58 சதவீதம் பேரும் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். குதிகாலுக்கு மேலிருக்கும் அக்கிலிஸ் தசைநாரில் ஸ்டீராய்டு செலுத்தினால் நார் அறுந்துபோகும் ஆபத்தே உண்டு. தசைநார் வலிக்கு ஊசி என்று சொன்னால், "பயிற்சியில் சரிசெய்ய முடியாதா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

போடுவதற்கு முன்பும் பின்பும்

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். வீட்டில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சர்க்கரை ஏற்கெனவே கட்டுக்கடங்காமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, தகவலைச் சொன்னால் போதும். எச்.ஐ.வி. மருந்துகளில் ரிட்டோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை ட்ரையம்சினோலோன் உடலில் சிதைவதைத் தடுத்து, ஓர் ஊசியிலேயே கடுமையான ஸ்டீராய்டு விளைவுகளைக் கொண்டுவந்துவிடும்.

முகம் சிவந்து சூடாவது ஓரிரு நாளில் போய்விடும். தோலுக்கு அருகில் போடும்போது அந்த இடம் வெளுக்கவோ சிறிது குழியாகவோ செய்யலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது கண்ணுக்குத் தெரியும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். மூட்டில் கிருமித் தொற்று மிக அரிதுதான், ஆனால் வந்தால் அவசர நிலை. மூன்று நாள் தாண்டியும் வலி கூடிக்கொண்டே போனால், மூட்டு சிவந்து சூடேறினால், காய்ச்சலோ குளிரோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அந்த மூட்டில் அறுவை சிகிச்சை செய்தால் தொற்று ஆபத்து கூடும் என்பதால் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள். மூட்டு முற்றிலும் தேய்ந்து, இரவுத் தூக்கமும் போய்விட்ட ஒருவர், அறுவை சிகிச்சைக்குப் பயந்து ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்று முழங்கால்களில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு வரை தாங்குகின்றன என்று 2019-ல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர் ஊசியோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

இரண்டாவது ஊசி போடலாமா என்ற கேள்விக்கு முதல் ஊசியின் கணக்கே பதில் சொல்லும். ஊசி போட்ட தேதி, வலி குறைந்த நாள், திரும்பிய நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று மாதம் தாங்கி, அந்த நாட்களில் பயிற்சியும் முன்னேறியிருந்தால், தேவைப்படும்போது இன்னொன்று போடுவதில் தவறில்லை. அப்போதும் ஒரே மூட்டில் குறைந்தது மூன்று மாத இடைவெளி இருக்கட்டும், ஆண்டுக்கு மூன்று நான்கைத் தாண்ட வேண்டாம். இரண்டு வாரத்திலேயே வலி பழையபடி திரும்பியிருந்தால் அதே ஊசியை மறுபடி போடச் சம்மதிக்காதீர்கள். வலிக்குக் காரணம் உண்மையிலேயே அந்த மூட்டுதானா என்று முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானம் முழங்கால் வலியாகத் தெரிவதும், கழுத்து நரம்பு அழுந்துவது தோள் வலியாகத் தெரிவதும் அடிக்கடி நடப்பதுதான்.